மூலைக்கோட்டில் நான் பார்த்தது

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நானாகப் பிடித்துக்கொண்டது. விபூதியோ, ஒரு பூவோ, பழத்துண்டோ, சந்நிதியிலிருந்து வருகிறது என்றால் இரண்டு கையும் தானாக நீளும். அந்த இரண்டு கையால்தான் அன்றைக்கு அந்த வேட்டியையும் வாங்கினேன்.

தென்காசியில் பெரிய கோயிலுக்குப் போகிற வழியில் எனக்குச் சின்னதாக ஒரு பூஜை சாமான் கடை இருக்கிறது. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் கபடி என்றால் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. ஆடியது கொஞ்சம், பார்த்தது ரொம்ப. அந்தக் கிறுக்கைப் பார்த்துத்தான் தெரிந்தவர் ஒருவர் என்னை ஒரு பேப்பருக்குப் பகுதி நேர நிருபராகச் சேர்த்துவிட்டார். சுற்றுவட்டாரத்தில் கபடி, வாலிபால், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் எது நடந்தாலும் போய்ப் பார்த்து எழுதி அனுப்புவேன். கடையை அந்த நேரம் வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள்.

ஊர்க் கபடிக்குப் பேப்பர்காரன் போனால் என்னென்ன வரும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. முதலில் கழுத்தில் ஒரு துண்டு. அப்புறம் கையில் ஒரு கவர். ஆட்டம் முடிந்ததும் அணியின் பெயர் போட்ட டி-சர்ட், சுவர்க்கடிகாரம், டிபன் கேரியர். குற்றாலத்தில் சீசன் நேரத்து ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். லாட்ஜில் ரூம், எண்ணெய் தேய்த்துவிட ஆள், மூன்று வேளைச் சாப்பாடு, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வாங்க என்கிற உபசாரம். தருகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பாதிப்பேர் வீட்டுக்கு வந்தவரைக் கவனிக்கிற மாதிரிதான் கவனிப்பார்கள். அதுதான் கஷ்டம்.

நான் எதையும் வாங்கியதில்லை. துண்டு போட்டால் அப்படியே எடுத்துப் பக்கத்தில் நிற்கிற ஆட்டக்காரர் தோளில் போட்டுவிடுவேன். டீக்கடைக்காரர் "ஒங்ககிட்ட காசு வாங்கப்படாதுன்னு கமிட்டில சொல்லியிருக்காவ" என்பார். டம்ளருக்கு அடியில் சில்லறையை வைத்துவிட்டு நடப்பேன். இதற்காக வாங்கிய கேலியும் உண்டு.

"நீரு நிருபரா வே, இல்ல சாமியாரா?"

"அண்ணாச்சிக்குத் தண்ணி குடுத்தாக்கூட ரசீது கேப்பாரு, சூதானமாக் குடுங்கலே!"

வீட்டிலும்தான். "அடுக்களைல கடிகாரம் நின்னுபோயிக் கெடக்கு. ஊர்ல உள்ள கடிகாரமெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு வாறிய. ஒண்ணே ஒண்ணு வாங்குனா ஆட்டம் தோத்தா போயிரும்?" என்பாள். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன். நம்மை யாரும் விலை பேச முடியாது என்கிற பெருமை.

அந்த சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் முதலாளி நடத்திய கபடிப் போட்டி. அவருக்கென்று ஒரு அணி வைத்திருந்தார். கடைசி நாள் காலையிலேயே நான் போய்விட்டேன். அருவியில் குளித்துவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே குற்றாலநாதர் சந்நிதிக்கு வந்தால், அங்கே முதலாளியும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். போட்டி நல்லபடியாக முடியவேண்டும் என்று அர்ச்சனை. அர்ச்சகர் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். தேங்காய் மூடி, பூ, விபூதி, நடுவில் மடித்து வைத்த ஒரு வேட்டி. முதலாளி தட்டை வாங்கி அப்படியே என் பக்கம் திருப்பினார்.

"சாமி காலடியில வச்சு எடுத்தது அண்ணாச்சி. ஒங்க பேருக்கும் சேத்துத்தான் அர்ச்சனை. இதையும் வேண்டாம்பியளா?"

நான் பார்த்தேன். வேட்டியில் அணியின் பேர் இல்லை, லாட்ஜ் பேர் இல்லை, படம் இல்லை. பச்சை நிறத்தில் கரை மட்டும்தான். டி-சர்ட்டை நான் வேண்டாம் என்பது அதில் இருக்கிற பேருக்காக. இதில்தான் பேரே இல்லையே. அதற்கு மேல், சந்நிதியில் நின்றுகொண்டு சாமி தட்டை எப்படித் தள்ளுவது? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாமி காலடியில் இருந்து வந்த துணியைப் பையில் திணித்து வைக்கக் கூடாது, அன்றைக்கே உடுத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் வேட்டியோ தொப்பலாக நனைந்திருந்தது. பிரகாரத்தில் ஒரு தூண் மறைவில் நின்று மாற்றிக்கொண்டேன். புதுத்துணி வாசனையும் விபூதி வாசனையுமாக மனசுக்கு நிறைவாக இருந்தது.

சாயங்காலம் இறுதி ஆட்டம். முதலாளியின் அணிக்கும் ஆலங்குளத்துப் பக்கத்து அணி ஒன்றுக்கும். ஆட்டம் தொடங்கும் முன்னால் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு வந்து மைதானத்தைச் சுற்றிக் கும்பிட்டார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, பச்சைக் கரை வேட்டி. நானும் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று மனுஷன் குனிந்தா பார்த்துக்கொண்டிருக்கிறான்?

என் நாற்காலி முதலாளி அணியின் பக்கத்தில், பின்கோடும் பக்கக்கோடும் சேர்கிற மூலைக்கு நேராக இருந்தது. எப்போதும் நான் கேட்டு வாங்குகிற இடம் அதுதான். நெருக்கமான பிடியெல்லாம் மூலையில்தான் நடக்கும். சாரல் விட்டபாடில்லை. தரையில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு அழிய அழிய ஒருவர் தூவிக்கொண்டே இருந்தார்.

ஆலங்குளத்து அணியில் பாடிப் போகிற ரைடர் ஒருவர். முப்பதைத் தாண்டியவர். காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற வேலை. அந்த வயதிலும் மான் மாதிரி திரும்புவார். ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்னால் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் ஜெயிக்கட்டும் என்று அன்றைக்கு என் மனசு நினைத்ததும் உண்மை. எழுதும்போது யார் பக்கமும் சாயமாட்டேன். ஆனால் மனசை யார் கட்டிவைப்பது?

இரண்டு பக்கமும் புள்ளி சமம். கடைசி ரெய்டு அவருடையது. பாடிக்கொண்டு வந்தவர் நேரே என் மூலைக்கு இறங்கினார். மூலையில் நின்ற ஆட்டக்காரர் பின்வாங்கினார். இவர் எட்டி விரல் நுனியால் அவர் தோளைத் தட்டிவிட்டு, சட்டென்று திரும்பி எல்லோரையும் ஏமாற்றி நடுக்கோட்டில் போய் விழுந்தார். ஆலங்குளத்துக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். அதே நேரம் முதலாளியின் அணி கையைத் தூக்கிக் கத்தியது. தொடுவதற்கு முன்னால் கால் பின்கோட்டைத் தாண்டிவிட்டது, ஆள் அவுட் என்று.

நடுவர் தூரத்தில் இருந்தார். அவருக்குத் தெரியவில்லை. அந்த மூலையைப் பார்க்க வேண்டிய கோட்டு நடுவர், பாவம், மூக்குக் கண்ணாடியில் விழுந்த சாரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் பாக்கல" என்று ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் சட்டையைப் பிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது அந்த ரைடரே கையை உயர்த்தினார். "ஏலே, சும்மா இருங்கலே. பேப்பர் அண்ணாச்சி நேரா இருக்காக. அவுக யார்ட்டயும் ஒரு டீ கூடக் குடிக்காத மனுசன். அவுக சொல்லட்டும். அவுக சொன்னா நாங்க ஒத்துக்கிடுதோம்."

எங்கள் பக்கத்தில் இப்படி உண்டு. தகராறு என்றால் பொது மனுஷன் ஒருவரைக் கேட்பார்கள். அவர் சொன்னால் அத்தோடு முடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செய்தி எழுத வந்தவன் தீர்ப்புச் சொல்லலாமா என்று அப்போது யோசிக்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன்.

"கால் வெளிய போயிட்டு தம்பி," என்றேன். "குதிகால் கோட்டுக்கு அங்கிட்டுப் பட்டுட்டு. அதுக்கப்புறந்தான் நீ தொட்ட."

கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல்.

"ஏலே, அண்ணாச்சி வேட்டியப் பாருங்கலே!"

நான் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். எனக்கு வலது பக்கம் கமிட்டிக்காரர் ஒருவர், இடது பக்கம் ஒருவர். மூன்று பேர் இடுப்பிலும் ஒரே பச்சைக் கரை.

"சாமியாருக்குக் காணிக்க போட்டாச்சு டோய்!" இன்னொரு குரல். ஒரே சிரிப்பு.

அந்த ரைடர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. என் இடுப்பைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்ற முதலாளியின் இடுப்பைப் பார்த்தார். மறுபடி மூலைக்கோட்டைப் பார்த்தார். அதற்குள் அங்கே பத்துப் பேர் மிதித்துச் சுண்ணாம்பும் மரத்தூளும் சேறாகியிருந்தது. போய்த் தன் பையை எடுத்துக்கொண்டார். ஒத்துக்கிடுதோம் என்று சொன்னவர், சொன்னபடி ஒத்துக்கொண்டார். முதலாளி மைக்கைப் பிடித்து, "நம்ம அண்ணாச்சி சத்தியவான்" என்றார். அந்த "நம்ம" எனக்கு இன்னும் கேட்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். என்னைக் கேட்டார்கள், நான் சொன்னேன் என்பதையும் எழுதினேன். ஆபீசில் இருந்து போன் வந்தது. "நீரு எதுக்கு வே வாயத் தொறந்தீரு? பாக்கத்தான ஒம்மள அனுப்புனது? செய்தியில நீரு வரப்படாது." என்னைப் பற்றிய வரியை எடுத்துவிட்டுப் போட்டார்கள். கால் கோட்டைத் தாண்டியதால் இன்ன அணி வென்றது என்று மட்டும் வந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நீங்க கண்ணால கண்டதத்தான சொன்னிய?" என்றாள்.

"ஆமா."

"அப்பம் பின்ன என்ன? மத்தது சாமி பாடு. போயிச் சாப்பிடுங்க."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வீடியோ வருகிற வரைக்கும்.

யாரோ எனக்குப் பின்னால் நின்று போனில் எடுத்தது. எங்கள் பக்கத்து வாட்சப் குரூப்புகளில் எல்லாம் சுற்றிவிட்டு என் கைக்கும் வந்தது. ரைடர் மூலைக்கு இறங்குகிறார். நாற்காலியில் இருக்கிற நான் ஆர்வத்தில் முன்னால் சாய்கிறேன். என் முழங்கால் குறுக்கே வருகிறது. வேட்டியின் பச்சைக் கரை அந்த மூலையை அப்படியே மறைக்கிறது. அது விலகும்போது அவர் ஏற்கனவே திரும்பி ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் கால் எங்கே இருந்தது என்று அதில் இல்லை. இருப்பது என் வேட்டி மட்டும்தான்.

முதலில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் போட்டுப் பார்த்தேன். பிறகு நானே பார்க்க ஆரம்பித்தேன். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி. கடையில் ஆள் இல்லாத மத்தியானம் முழுக்க அதுதான் வேலை. அந்தக் கரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்? நான்தானே நேரே பார்த்தேன்? அப்படி நினைத்து நினைத்துப் பார்த்ததில் ஒருநாள், நான் நேரே பார்த்தது எது, வீடியோவில் பார்த்தது எது என்பது குழம்பிவிட்டது. குதிகால் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்து, இந்தப் பக்கம் விழுவதும் அதே மாதிரி துல்லியமாகத் தெரிகிறது.

காசுக்காக நான் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியும், என் சாமிக்கும் தெரியும். ஆனால் புதுவேட்டி கட்டிக்கொண்டு நிறைந்த மனசோடு உட்கார்ந்திருந்தேனே, அந்த நிறைவு யார் கொடுத்தது? இன்னொன்றும் அரிக்கும். அவர் ஜெயிக்கட்டும் என்று ஆசைப்பட்டேனே. அந்த ஆசை என் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று பயந்து, வேண்டுமென்றே அவருக்கு எதிராகச் சாய்ந்து சொல்லிவிட்டேனோ? நடுநிலை, நடுநிலை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, நடு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது.

வெளியே ஒரு மாற்றமும் இல்லை. கடை திறக்கிறேன், விளக்கேற்றுகிறேன். ஆனால் கடைப்படியில் யாராவது கால் வைத்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குதிகாலைத்தான் பார்க்கிறேன். பிரதோஷத்தன்று கூட்டத்தில் நின்று கண்ணை மூடினால் சாமி வருவதில்லை. ஈர மரத்தூளும் ஒரு வெள்ளைக் கோடும்தான் வருகிறது. குற்றாலத்துக்குப் போய் அந்த மைதானத்தையும் பார்த்தேன். சீசன் முடிந்து ஆளே இல்லை. புல் முளைத்துக் கிடந்தது. மூலை இருந்த இடம்கூட உத்தேசமாகத்தான் தெரிந்தது.

அந்த வேட்டியை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க அது முதலாளி கொடுத்ததில்லை, சாமி கொடுத்தது. கட்டவும் முடியாது, எறியவும் முடியாது.

"ஆத்துல விட்டுட்டு வந்திருங்களேன்," என்றாள் வீட்டுக்காரி.

"சாமி துணிய எப்படி விட?"

"அப்பம் இப்படியே மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருங்க," என்று அதை எடுத்துத் துவைத்துப் பீரோவின் அடியில் வைத்துவிட்டாள்.

அந்த ரைடர் ஆடுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் அணிக்குள்ளேயே இரண்டு பேச்சு. பாதிப்பேர் நிருபர் விலைபோய்விட்டான் என்கிறார்கள். மீதிப்பேர், வயசாகிவிட்டது, கால் எங்கே போகிறது என்று தெரியாமல் ஆடிக் கோப்பையைத் தொலைத்தான் என்று அவரைச் சொல்கிறார்கள். நான் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் அவர்தான் வந்தார். ஒரு மத்தியானம், கடையில் நான் மட்டும் இருந்தேன். படியேறி வந்து, "கற்பூரம் ஒரு பாக்கெட் குடுங்க அண்ணாச்சி" என்றார். கொடுத்தேன். காசை வைத்தார். பாக்கெட்டைப் பிரித்து ஒரு வில்லையை எடுத்து எங்களுக்கு நடுவில் பலகைமேல் வைத்தார்.

"சண்ட போட வரல அண்ணாச்சி."

"இரு தம்பி. மொதல்ல ஒக்காரு."

"இல்ல, நிக்கேன். அன்னைக்கு ஒங்களக் கேக்கச் சொன்னது நான்தான். எதுக்குச் சொன்னேன்னு தெரியுமா? எனக்குத் தெரியாது அண்ணாச்சி. பாடிப் போறவன் கண்ணு பூரா எதிராளி மேல இருக்கும். கால் எங்கன விழுந்துன்னு எனக்கு எப்படித் தெரியும்? வெளிய நின்னு பாக்கவகளுக்குத்தான தெரியும்?"

இத்தனை நாளும் அவருக்காவது தெரியும் என்று நினைத்திருந்தேன். உலகத்தில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

"கால் வெளிய போயிருந்தா அது என் தப்பு. ஒத்துக்கிடுதேன். போகலைன்னா அது ஒங்க தப்பு. ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் எனக்கு வெளங்க மாட்டேங்கு. ஒங்க மேல கோவப்படவா, என் காலு மேல கோவப்படவா? கோவத்த எங்கன கொண்டுபோயி எறக்கி வைக்க? வீட்ல பொண்டாட்டி பிள்ள மேலதான் எறங்குது." தீப்பெட்டியை எடுத்து வில்லைக்குப் பக்கத்தில் வைத்தார். "கொளுத்துதேன். அணைச்சுச் சொல்லுங்க. வெளிய போச்சுன்னு நீங்க கற்பூரத்த அணைச்சுச் சொல்லிட்டா நான் நம்புதேன். வேட்டி, வீடியோ, எதையும் பேச மாட்டேன்."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்னால் அது சாமி முன்னால் சொன்னது. அதில் பொய் கலந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவன் நான். சொல்லியிருந்தால் அந்த மனுஷன் நிம்மதியாகப் போயிருப்பார். நான் எழுந்து நின்றபோது, வெளியே போய்விட்டது என்றுதானே முழு மனசோடு சொன்னேன்? அதையே திருப்பிச் சொன்னால் என்ன? வாயைத் திறந்தேன். அதே மூலை வந்தது. கால் விழுந்தது. எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது.

"கொளுத்தாத தம்பி," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அன்றைக்குப் பார்க்காத முகத்தை இன்றைக்கு நன்றாகப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் தோள்தான் கொஞ்சம் தளர்ந்து இறங்கியது, மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி.

"சரி அண்ணாச்சி. இது போதும்," என்றார். தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அப்படி இல்லை தம்பி, நான் காசுக்குச் சொல்லவில்லை, நீ நினைக்கிறது இல்லை என்று பின்னாலேயே ஓடிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கூப்பிடக்கூட வாயெடுத்தேன். ஆனால் அடுத்து அவர் கேட்பது எதுவாக இருக்கும் என்று தெரியும். அப்பம் வெளிய போச்சா? அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவர் மறுபடியும் ஆடுகிறார். ஆய்க்குடிப் பக்கம் நடந்த போட்டியில் ஒரே ரெய்டில் மூன்று பேரை எடுத்தாராம். முன்னைவிடத் தைரியமாகக் கோட்டை ஒட்டி இறங்குகிறாராம். கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கேட்டதும் சந்தோஷப்பட்டேன், சாமி படத்துக்கு ஒரு பூவும் வைத்தேன். செய்தியை எழுதி அனுப்பும்படி ஆபீசில் கேட்டார்கள். நேரில் பார்க்காததை எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். நேரில் பார்த்திருந்தால் மட்டும் என்ன எழுதியிருப்பேன் என்று போனை வைத்த பிறகு யோசித்தேன்.